பச்சை விளக்கு எரிகிறது, படம் வரவில்லை: பண்டோரா பேட்டரி வாங்கலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். 2008-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா எனக்கு சோனியின் கையடக்க கேம் கருவியான பி.எஸ்.பி. ஒன்றை வாங்கி வந்தார். பேட்டரியைக் கழற்றினால் உள்ளே பி.எஸ்.பி.-2006 என்று போட்டிருக்கிறது. பீரோவில் கிடந்ததை ஒன்பதாவது படிக்கும் என் பையன் எடுத்து ஆட ஆரம்பித்தான். சாஃப்ட்வேரை 6.61-க்கு மாற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போய்விட்டது. அன்றிலிருந்து சுவிட்சைத் தள்ளினால் பச்சை லைட் எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. கடையில் கேட்டேன். "பண்டோரா பேட்டரி போட்டால் எழுந்துவிடும், 1,500 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். பேட்டரியைக் கத்தியால் திறந்து உள்ளே இருக்கும் சிப்பின் ஒரு காலைத் தூக்கிவிட்டால் வீட்டிலேயே செய்யலாம் என்று பையன் வீடியோ காட்டுகிறான். செய்யலாமா? இது சட்டப்படி சரியா?

பதில்: முதலில் ஒன்று. அந்த பேட்டரியைக் கத்தியால் திறக்காதீர்கள், பையனையும் திறக்க விடாதீர்கள். அதற்கான காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பி.எஸ்.பி.யை அது இல்லாமலே எழுப்ப வழி இருக்கிறது.

பண்டோரா பேட்டரி என்றால் ஏதோ கூடுதல் சக்தி உள்ள பேட்டரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. உங்கள் பேட்டரியில் மூன்று முனைகள் இருப்பதைப் பாருங்கள். ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். மூன்றாவது முனை வழியாக பேட்டரி பி.எஸ்.பி.யோடு பேசுகிறது: எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, எவ்வளவு சூடு, வரிசை எண் என்ன என்று. அந்த வரிசை எண் பேட்டரிக்குள் இருக்கும் ஒரு சின்ன நினைவகச் சில்லில் (சிப்பில்) எழுதியிருக்கும். பி.எஸ்.பி.யின் போர்டில் சிஸ்கான் என்று ஒரு சில்லு உண்டு. சுவிட்ச், சார்ஜ், விளக்கு எல்லாம் அதன் பொறுப்பு. பேட்டரியைப் போட்டதும் அது இந்த எண்ணைக் கேட்கும். வழக்கமான எண் வந்தால் பி.எஸ்.பி. தன் உள் நினைவகத்திலிருந்து இயங்கத் தொடங்கும். எண்ணின் எட்டு இடங்களிலும் 'எஃப்' என்று வந்தால், சர்வீஸ் சென்டர் ஆள் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, உள் நினைவகத்தைத் தொடாமல், மெமரி ஸ்டிக் என்ற சோனியின் மெமரி கார்டிலிருந்து இயங்கத் தொடங்கும்.

சோனியின் பழுதுபார்க்கும் மையங்களுக்காக வைத்த வாசல் அது. 2007 ஆகஸ்டில் ஆர்வலர்கள் அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்து, சாதாரண பேட்டரியையே அப்படி மாற்றும் வழியை வெளியிட்டார்கள். பண்டோரா என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. ஆக, பேட்டரி வாசலைத் திறக்கிறது, அவ்வளவுதான். உள்ளே போய் வேலை செய்வது மெமரி ஸ்டிக். கடைக்காரர் பேட்டரியைப் பற்றி மட்டும் பேசினால், ஸ்டிக்கைப் பற்றிக் கேளுங்கள்.

இனி உங்கள் பி.எஸ்.பி.க்கு வருவோம். 1,500 ரூபாயை எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் செலவழியுங்கள். பேட்டரியையும் மெமரி ஸ்டிக்கையும் வெளியே எடுத்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பி.எஸ்.பி. பேட்டரி இல்லாமலும் சார்ஜரில் ஓடும். படம் வந்தால் குற்றவாளி பேட்டரியோ ஸ்டிக்கோதான். வராவிட்டால் அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மெனு மங்கலாகத் தெரிந்தாலோ, அம்புக்குறி பட்டனை அழுத்தும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டாலோ சாஃப்ட்வேர் பத்திரமாக இருக்கிறது, போனது திரையின் பின்விளக்கு. அதற்கு எந்த பண்டோராவும் உதவாது. பச்சை லைட்டே எரியாத பி.எஸ்.பி.க்கும் இது உதவாது. அங்கே பெரும்பாலும் போர்டில் உள்ள கடுகளவு ஃபியூஸோ, சார்ஜர் செருகும் இடமோ போயிருக்கும். நம் ஊர்க் கடற்காற்றில் பேட்டரி முனைகளில் பச்சை பூத்துக் கிடப்பதும் சகஜம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐ.பி.ஏ. (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தைப் பஞ்சில் தொட்டு, பேட்டரியை எடுத்துவிட்டு, முனைகளைத் துடையுங்கள். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஒரு பி.எஸ்.பி.யை 'செத்துப்போச்சு' என்று என்னிடம் கொண்டுவந்தார் ஒருவர். பேட்டரியைப் போட்டதும், சுவிட்சைத் தொடாமலேயே பச்சை லைட் எரிந்தது. அதுவே அடையாளம்: முந்தைய உரிமையாளர் பண்டோராவாக மாற்றிய பேட்டரியை உள்ளேயே விட்டிருந்தார். ஏற்ற மெமரி ஸ்டிக் இல்லாததால் பி.எஸ்.பி. அங்கேயே காத்து நின்றது. வேறு பேட்டரி போட்டேன், மெனு வந்துவிட்டது.

உங்கள் விஷயத்தில் அப்டேட் பாதியில் நின்றதாகச் சொல்கிறீர்கள். அதனால் உள் நினைவகத்தில் சாஃப்ட்வேர் அரைகுறையாகக் கிடக்கிறது என்பதுதான் என் கணிப்பும். கரண்ட் போனதால் மட்டும் இது நடந்திருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்டேட்டின்போது சார்ஜர், பேட்டரி இரண்டும் வேண்டும் என்று கேட்பதே, ஒன்று போனால் இன்னொன்று தாங்கட்டும் என்றுதான். உங்கள் பேட்டரி தாங்கவில்லை. பேட்டரிக்குள் இருக்கும் பழைய செல் 'நிறைய இருக்கிறது' என்று காட்டும், சுமை விழுந்த நொடியில் வோல்டேஜ் சரிந்துவிடும்.

அந்தச் செல்லைத்தான் கத்தியால் திறக்கலாமா என்று கேட்கிறீர்கள். வீடியோவில் காட்டுவது பொய்யல்ல. பழைய பேட்டரியின் உறையைப் பிளந்து, போர்டிலுள்ள எட்டுக்கால் சில்லின் ஐந்தாவது காலைத் தூக்கிவிட்டால் வரிசை எண்ணைப் படிக்க முடியாது, எட்டு 'எஃப்' என்றே சிஸ்கானுக்குப் போகும். அன்றைக்கு, புதுச் செல்லில், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். இன்று செய்ய மாட்டேன். லித்தியம் அயான் செல்லுக்குள் இரண்டு தகடுகள் நடுவே முடியைவிட மெல்லிய தடுப்புப் படலம் இருக்கிறது. கத்தி முனை உள்ளே இறங்கினால் தகடுகள் ஒட்டி ஷார்ட் ஆகும், செல் தானே சூடேறி, அந்தச் சூட்டில் மேலும் சூடேறும். ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. வயதான செல்லில் கரைசல் சிதைந்து வாயுவும் சேர்ந்திருக்கும். பி.எஸ்.பி.யின் பின்மூடி சரியாகப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அது உப்பிய பேட்டரி. என் மேசையில் ஒரு செல் புகைந்ததைப் பார்த்திருக்கிறேன். மணல் வாளி பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். பதினான்கு வயதுப் பையன் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

திறக்காமலே மாற்றும் வழியும் உண்டு. ஏற்கெனவே கஸ்டம் ஃபர்ம்வேர் (ஆர்வலர்கள் மாற்றியமைத்த சாஃப்ட்வேர்) போட்ட இன்னொரு பி.எஸ்.பி.யில் உங்கள் பேட்டரியைப் போட்டு, ஒரு சிறு மென்பொருளால் வரிசை எண்ணை மட்டும் மாற்றி எழுதலாம். வேலை முடிந்ததும் அதே வழியில் பழைய எண்ணுக்குத் திருப்பலாம். முதலில் முழுச் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும். ஆனால் இது பேட்டரியைப் பொறுத்தது. 3000 மாடலோடு வந்த ஒரிஜினல் பேட்டரிகளில் அந்தச் சில்லைப் பூட்டிவிட்டார்கள், மாற்றி எழுத முடியாது. மலிவான டூப்ளிகேட் பேட்டரிகள் பலவற்றில் எழுதவே இடமில்லை. ஒரிஜினல் தடிமன் மாடல் (1000 வரிசை) பேட்டரி 1800, மெல்லிய மாடல் (2000, 3000) பேட்டரி 1200 மில்லி ஆம்பியர்-மணி. அதே அளவு உறையில் 3600 என்று அச்சடித்துக் கொடுத்தால் நம்பாதீர்கள். தடிமன் மாடலின் பேட்டரி உங்கள் 2000 மாடலிலும் வேலை செய்யும், மூடி மட்டும் மூடாது. பழுது பார்க்கும் நேரத்துக்கு அது போதும்.

அடுத்து முக்கியமானது, உங்கள் மாடல். 2006 என்பது ஆண்டு அல்ல, 2000 வரிசை என்று பொருள். கடைசி 6 சிங்கப்பூர், ஹாங்காங் பக்கத்து விற்பனையைக் குறிக்கும். 1000 வரிசை முழுக்கவும், 2000 வரிசையில் பெரும்பாலானவையும் பண்டோராவுக்குத் திறக்கும். 2008-ன் பிற்பகுதியில் வந்த சில 2000-களில் 'டி.ஏ.-088' போர்டின் மூன்றாம் பதிப்பு இருக்கிறது. அதிலும், 3000, கோ, ஸ்ட்ரீட் மாடல்களிலும் பழைய பண்டோரா எடுபடாது. மெமரி ஸ்டிக்கிலிருந்து வரும் தொடக்க நிரலை அந்த மாடல்களின் முதன்மைச் சில்லு கூடுதலாகச் சோதிக்கும், பழைய நிரல் அதில் தேறாது. உங்களுடையது 2008-ல் வாங்கியது என்பதால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: "088 மூன்றாம் பதிப்பாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" பதில் தெரியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

தெரிந்தவர் பேரியன் ஸ்வீப்பர் என்று சொல்வார். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது. பேட்டரியை மாற்றுவதற்குப் பதிலாக, பேட்டரி போலக் கணினியையே பேச வைக்கிறார்கள். யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் சிறு போர்டு ஒன்று, 3.3 வோல்ட்டில் வேலை செய்வதாக, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். அதன் வயரை பி.எஸ்.பி.யின் பேட்டரி அறையிலுள்ள நடு முனையில் சேர்த்து, நெகட்டிவை இணைத்து, சார்ஜரிலிருந்து மின்சாரம் கொடுத்தால், சிஸ்கான் கேட்கும் கேள்விகளுக்குக் கணினி பதில் சொல்லும். பிந்தைய மாடல்களில் எண் மட்டும் போதாது, சிஸ்கான் ஒரு புதிர் போட்டு விடை கேட்கும். அந்த விடையும் இந்த மென்பொருளுக்குத் தெரியும். அதனால் 3000 மாடலையும் எழுப்ப முடிகிறது. பழைய செல்லைத் தொடவே வேண்டாம் என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. ஆனால் அன்றைக்கு கரண்ட் நிற்கக் கூடாது. யு.பி.எஸ். உள்ள இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

மெமரி ஸ்டிக்கைப் பற்றிக் கேளுங்கள் என்றேனே, அதைச் சொல்கிறேன். சாதாரணமாக ஃபைலை காப்பி செய்வது போதாது. ஸ்டிக்கின் தொடக்கப் பகுதியில், ஃபைல்கள் தொடங்குவதற்கு முன்னால் உள்ள இடத்தில், தொடக்க நிரலை எழுத வேண்டும். இதை மேஜிக் மெமரி ஸ்டிக் என்பார்கள். பழைய போர்டுகளுக்கு டார்க் அலெக்ஸ் என்ற பெயரில் இயங்கிய ஸ்பானிய நிரலாளர் எழுதிய 'டெஸ்பெர்தார் தெல் செமெந்தேரியோ' இன்றும் நம்பகமானது. ஸ்பானிய மொழியில் அதற்கு 'கல்லறையின் விழிப்பு' என்று அர்த்தம். மைக்ரோ எஸ்.டி. அடாப்டரில் சில சமயம் இது ஒத்துவராது, ஒரிஜினல் மெமரி ஸ்டிக் ப்ரோ டுயோ ஒன்றை இரவல் வாங்கியாவது வையுங்கள்.

மெனு வந்ததும் 'இன்ஸ்டால்' பட்டனை அழுத்தும் அவசரம் எல்லோருக்கும் வரும். பொறுங்கள். முதலில் உள் நினைவகம் முழுவதையும் ஸ்டிக்கில் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மாடலில் அது 64 எம்.பி., 1000 மாடலில் 32. சாஃப்ட்வேர் எங்கும் கிடைக்கும், ஆனால் அந்த நினைவகத்தில் உங்கள் பி.எஸ்.பி.க்கு மட்டுமே உரிய அடையாளத் தகவல்களும் இருக்கின்றன. யு.எம்.டி. என்ற கேம் டிஸ்க்கைப் படிக்கும் டிரைவுக்கான சாவி, வைஃபை முகவரி எல்லாம் அதில்தான். அது அழிந்தால் பி.எஸ்.பி. எழுந்தாலும் டிஸ்க்கைப் படிக்காது. இன்னொருவரின் காப்பியை உங்களுடையதில் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் உங்கள் பி.எஸ்.பி.யை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள். எடுத்த காப்பியைக் கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டீர்கள். நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் 2012-ம் ஆண்டுத் திருத்தம் 65ஏ பிரிவைச் சேர்த்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புத் தொழில்நுட்பத்தை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நோக்கம் என்ற சொல்தான் அதில் எடை. காசு கொடுத்து வாங்கிய உங்கள் பொருளில் சோனியின் சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டு உயிர்ப்பிப்பதை நான் தயங்காமல் செய்வேன். அதே வாசல் வழியாகப் போய் திருட்டு கேம்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையைக் கேட்டால் செய்ய மாட்டேன். கடையில் "ஐம்பது கேம் போட்டுத் தருகிறோம்" என்று சேர்த்துச் சொன்னால், பழுது மட்டும் போதும் என்று சொல்லுங்கள்.

1,500 ரூபாய் அதிகமா என்றால், காப்பி எடுத்து, எழுப்பி, 6.61 வரை ஏற்றி, புது பேட்டரியும் சேர்த்துக் கொடுத்தால் நியாயமான விலைதான். பண்டோரா பேட்டரியை உங்கள் கையில் கொடுத்து அனுப்புவதற்கு என்றால் வேண்டாம். அது உங்களுக்கு ஒரு மணி நேரம்தான் தேவை, அதை வைத்து தினமும் ஆட முடியாது. எழுந்த பிறகு அப்டேட் செய்வதானால் புது பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போது, சார்ஜரும் செருகியிருக்கும்போது செய்யுங்கள். கடலூரில் மழை நாட்களில் வேண்டாம்.

பழைய பேட்டரியை முனைகளில் டேப் ஒட்டி, பி.எஸ்.பி.யிலிருந்து தனியாக, எரியாத டப்பாவில் வையுங்கள். உப்பியிருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள், சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம். 2022-ம் ஆண்டு பேட்டரி கழிவு விதிகளின்படி அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுக்கும்போது இது லித்தியம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். புது பேட்டரி வந்ததும் பையனிடம் ஒன்று சொல்லுங்கள்: சில மாதம் ஆடாமல் வைக்கப் போகிறான் என்றால் பாதிச் சார்ஜில், பி.எஸ்.பி.யிலிருந்து கழற்றி வைக்கட்டும்.