நாலு இரவு, இரண்டு வீடு: பினாங்கில் எங்கே தங்கலாம், எப்போது சாப்பிடலாம்?

கேள்வி: நாங்கள் கிள்ளானில் இருக்கிறோம். பள்ளி விடுமுறையில் நாலு இரவு பினாங்கில் தங்க நினைத்திருக்கிறோம். நான், கணவர், 12 வயது மகள், 70 வயது மாமியார். மாமியார் சுத்த சைவம், முட்டை கூடத் தொடமாட்டார். நாங்கள் மூவரும் மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவோம். பல நாடுகளுக்குப் போக எங்களுக்கு வசதியில்லை. ஒரே ஊரில் பல இனத்தாரின் சாப்பாடும், அவர்கள் வாழ்ந்த வீடுகளில் தங்கும் அனுபவமும் மகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆசை. இதை எப்படித் திட்டமிடுவது?

பதில்: சகோதரி, பத்து பெரிங்கி கடற்கரையில் அறை எடுத்துவிட்டு தினமும் ஊருக்குள் வந்து போகும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நீங்கள் தேடுவதெல்லாம் பழைய ஜார்ஜ்டவுனுக்குள்தான் இருக்கிறது. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பகுதி அது. காலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்சம் என்று நடந்தே பார்த்துவிடலாம்.

இந்த ஊருக்கு வந்த ஒவ்வோர் இனத்தாரும் தங்கள் ஆட்கள் வந்து இறங்கினால் படுக்க ஓர் இடம், சாப்பிட ஓர் அடுப்பு என்று முதலில் அமைத்துக்கொண்டார்கள். மகளுக்கு நீங்கள் காட்ட வேண்டியது இதைத்தான் என்பேன். நம் ஆட்கள் செட்டித் தெரு என்று சொல்லிவந்த லெபோ பினாங்கில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. கீழே ஆளுக்கொரு பெட்டியடி போட்டு வட்டித் தொழில், அங்கேயே படுக்கை, எல்லாருக்கும் ஒரே சமையல். லெபோ ஆச்சேவில் 1808இல் எழுந்த மலாய்ப் பள்ளிவாசலைச் சுற்றி ஹஜ் பயணிகள் கப்பலுக்காகக் காத்துத் தங்கினார்கள். அதனால் அந்தத் தெருவுக்கு ‘இரண்டாவது ஜெட்டா’ என்றே பெயர் வந்தது. சீனர்களுக்குக் கொங்சி, அதாவது ஒரே குலப்பெயர் கொண்டவர்களின் சங்கம். ஊர் விட்டு வந்த ஏழைக்கு முதல் ஆதரவு அங்கேதான். வெள்ளைக்காரப் பயணிகளுக்கு இடம் கொடுத்தவர்களோ ஆர்மீனியர்கள். பாரசீகத்திலிருந்து வந்த சார்க்கீஸ் சகோதரர்கள் 1885இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டல் இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. சிங்கப்பூர் ராஃபிள்ஸும் ரங்கூன் ஸ்டிராண்டும் அதே சகோதரர்கள் தொடங்கியவைதான்.

கிட்டங்கியில் இன்று நீங்கள் தங்க முடியாது. ஆனால் சீனக் கடைவீட்டில் தங்கலாம். முதல் இரண்டு இரவுக்கு அதைத்தான் சொல்வேன். லெபோ ஆர்மீனியன், லெபோ சூலியா சுற்றுவட்டாரத்தில் பழைய கடைவீடுகள் பல விடுதிகளாகியிருக்கின்றன. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், நடுவில் வெயிலும் மழையும் இறங்க ஒரு முற்றம், வாசலில் அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைபாதை. செட்டிநாட்டு வீட்டைப் பார்த்த கண்ணுக்கு அந்த முற்றம் சொந்தமாகத் தெரியும். மகளை அங்கே உட்காரவைத்து, விளக்குப் போடாமலேயே வீட்டுக்குள் எப்படி வெளிச்சம் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் கவனம். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவை இப்படி ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் தங்கவைத்தேன். மரப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், லிஃப்ட் இல்லை. ஒரு முறை ஏறியவர் மறுநாள் காலைவரை இறங்கவே இல்லை. இரவுச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டித்தான் கொண்டுபோனேன். அறையைப் படத்தில் மட்டும் பார்த்துப் பதிவு செய்தது என் தவறு. நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று: தரைத்தள அறை உண்டா, கழிவறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, வெளிப்பக்கம் ஜன்னல் இருக்கிறதா? நடுக்கட்டு அறைகள் பலவற்றுக்கு ஜன்னல் இருக்காது. மரத் தடுப்பு என்பதால் பக்கத்து அறைப் பேச்சும் விடியற்காலை பாங்கொலியும் காதில் விழும். எனக்கு அது பிடிக்கும். உங்கள் மாமியாருக்கு எப்படி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு இரவுக்கு, பழைய ஊருக்குச் சற்று வெளியே உள்ள பூலாவ் திக்குஸ் வட்டாரத்துக்குப் போய்விடுங்கள். அங்கே லிஃப்ட் உள்ள சாதாரண ஹோட்டல் போதும், மாமியாருக்கும் ஓய்வு கிடைக்கும். லோரோங் பர்மாவில் சயாமியரின் வாட் சாயமங்களாராமும் பர்மியரின் தம்மிகாராமாவும் எதிரெதிரே நிற்கின்றன. பர்மியக் கோயில் 1803இல் வந்தது. ரங்கூன், மாண்டலே, மௌல்மெய்ன் என்று தெருப்பெயர்கள் மட்டும் மிச்சமிருக்கின்றன. பர்மியக் குடும்பங்கள் இப்போது மிகக் குறைவு. பூக்கெட்டிலிருந்து வந்த கத்தோலிக்க யுரேசியர்கள், அதாவது ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சத்தார், கம்போங் செரானி என்று வாழ்ந்ததும் இந்த வட்டாரத்தில்தான். காலையில் சந்தைப் பக்கம் போங்கள், தள்ளுவண்டியில் ஆப்பம் கிடைக்கும்.

சீனப் பெருவணிகர் சியோங் ஃபாட் ட்ஸேயின் நீல மாளிகையிலும் தங்கலாம், ஆனால் விலை அதிகம். காசு கொடுத்து வழிகாட்டியோடு சுற்றிப் பார்த்தாலே போதும். ச்சூ ஜெட்டியில் கடல்மேல் தூண்வீடுகள் இருக்கின்றன, சிலவற்றில் தங்கவும் இடம் தருகிறார்கள். பலகைப் பாதையில் 70 வயதுக்காரரை இரவில் நடக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. மாலையில் போய் வாருங்கள். அங்கே இன்னும் ச்சூ குடும்பங்கள் வாழ்கிறார்கள், திறந்திருக்கும் வாசலுக்குள் படம் எடுக்காதீர்கள்.

சரி, சாப்பாடு. பினாங்கில் கடைப் பெயரைவிட நேரம் முக்கியம். காலையில் ஹைனானியர் காப்பிக் கடைக்குப் போங்கள். அவர்கள் சீனர்களிலேயே பிந்தி வந்தவர்கள். வெள்ளைக்காரர் வீட்டிலும் கப்பலிலும் சமையல்காரராக இருந்தவர்கள், அதனால்தான் சுட்ட ரொட்டியும் சிக்கன் சாப்பும் அவர்கள் கைப்பக்குவமாயின. ரொட்டிமேல் தடவும் காயாவில் முட்டை உண்டு, மாமியாருக்கு வேண்டாம். அவருக்கு லெபோ பாசாரில், நம் கடைத்தெருவில், இட்லியும் இடியாப்பமும் இருக்கின்றன. வெயில் ஏறினால் செண்டோல். அது தேங்காய்ப்பால், கருப்பட்டிப்பாகு, பச்சை மாவுக்கம்பி, சிவப்பு பீன்ஸ் சேர்ந்தது, எல்லாரும் சாப்பிடலாம். சார் குவே தியோ என்னும் வதக்கிய அரிசி நூடுலுக்கு நேரம் கடைக்குக் கடை மாறும், கேட்டுக்கொண்டு போங்கள். நாசி கண்டாருக்கு நான் எப்போதும் இரவில்தான் போவேன்.

நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் உண்டாக்கியது. தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சுமந்து விற்றார்கள். கண்டார் என்பது அந்தத் தண்டுக்குரிய மலாய்ச் சொல். நம் காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். லெபோ கேம்பலில் உள்ள ஹமீதியா 1907இல் தொடங்கியது. இங்கே உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவதுதான் அதன் ருசி, ‘பஞ்ஜிர்’ என்றால் வெள்ளமாக ஊற்றுவார்கள். அதில் மாட்டுக் குழம்பும் சேரும், கரண்டியும் மாறி மாறிப் போகும். தட்டு கையில் எடுக்கும் முன்பே தமிழிலேயே சொல்லுங்கள்: “மாட்டுக் குழம்பு வேண்டாம், கோழிக் குழம்பு மட்டும் ஊற்றுங்கள்.” தமிழ் புரியாத பணியாளர் என்றால் ‘குவா அசிங்’, அதாவது குழம்பு தனியாக. நெரிசலான நேரத்தில் இதைக் கேட்கத் தயங்குவீர்கள். தயங்க வேண்டாம்.

மாமியாருக்கு ஆபத்து கண்ணுக்குத் தெரியும் மீனிலும் கோழியிலும் இல்லை. பெலாச்சான் என்னும் இறால் விழுதும் காய்ந்த இறாலும் சம்பல் என்னும் மிளகாய்த் துவையலில், கங்கோங் கீரைப் பொரியலில், சில அச்சாரில் கூட மறைந்திருக்கும். பழ ரோஜாக்கின் கறுப்புச் சாறு இறால் விழுது. ஆசாம் லக்சா குழம்பு மீன். சார் குவே தியோவைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது பழைய வழக்கம், இறாலை எடுத்துவிட்டால் சைவமாகிவிடாது. ‘சாயோர் சஹாஜா’, அதாவது காய்கறி மட்டும், என்று கேட்டால் காய்கறிதான் வரும், பெலாச்சானோடு. ஆகவே எது வேண்டாமோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ‘பெலாச்சான், உடாங் கெரிங், தெலோர் தாக் மாவு’, அதாவது இறால் விழுது, காய்ந்த இறால், முட்டை வேண்டாம்.

அவருக்காக ஒன்று: சீனப் பௌத்த சைவக் கடை. வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காத கடைகள் உண்டு. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் நெருக்கும், ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் திருவிழா நாட்களில் சாலையோரக் கடைகளிலும் மஞ்சள் கொடி கட்டிச் சைவம் விற்பார்கள். முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள்: தட்டில் கோழித்துண்டு, மீன்துண்டு போலவே இருப்பது சோயாவும் கோதுமைப் பசையும். சொல்லாமல் போனால் பார்த்த உடனே எழுந்துவிடுவார்.

இனிப்புக்கு சௌரஸ்தா சந்தைப் பக்கம் காலையில் நியோன்யா குவே வாங்குங்கள். குவே கோச்சியைப் பிரித்தால் வாழையிலைக்குள் தேங்காய்ப் பூரணம். மாமியார் ‘இது நம் கொழுக்கட்டை’ என்பார். நீல நிறச் சோறு பார்த்தால் அது சங்குப்பூச் சாயம். லெபோ ஆர்மீனியன் பக்கம் ஜாவி பெரனாக்கான் சமையல் கிடைக்கும். தென்னிந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் பிறந்த வம்சத்தாரின் கைவண்ணம் அது. லெமுனி சோறு கேளுங்கள், அந்த இலை நம் நொச்சியின் இனம்.

ஒரு மாலையை ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்னும் தெருவுக்கு வையுங்கள். 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், பின்தெருவில் 1833இன் மகா மாரியம்மன், முனையில் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசல். நாலையும் நடந்து முடித்தால் பசி எடுக்கும், கடைத்தெருவும் பக்கத்திலேயே.

வரும்போது காரில் பாலம் வழியாக வராதீர்கள். கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் பிடித்து பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து ஃபெரியில் கடலைத் தாண்டுங்கள். பழைய ஆட்கள் வந்து இறங்கிய கரையிலேயே நீங்களும் இறங்குவீர்கள், ச்சூ ஜெட்டி நடை தூரம்தான். ஊருக்குள் சுற்றிவரும் கேட் (CAT) பஸ் இலவசம். தமிழ்நாட்டிலிருந்து உறவினர் யாராவது சேர்ந்து வந்தால், வெளிநாட்டவர் அறைக்கு இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி தனி. அங்காடிக் கடைக்காரர்கள் வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள் லீவு விடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் தரைத்தள அறைகள் முதலில் போய்விடும். இன்றே விடுதிக்கு எழுதி, தரைத்தளம் என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள்.