அக்கா ஏன் கடைசியில் வர வேண்டும்?

கேள்வி: என் அக்காவுக்குச் சின்ன வயதில் தொழுநோய் வந்து, மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிப் பல வருடம் ஆகிறது. விரல்கள் மட்டும் மடங்கியே இருக்கின்றன. ஆலயத்தில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பதால், அக்காவைக் கடைசி ஆளாக வரச் சொல்லும்படி எங்கள் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் ஒருவர் சொல்கிறார். அக்கா இப்போது ஆலயத்துக்கே வருவதில்லை. என்ன செய்வது, ஐயா?
– ஒரு வாசகி, நெல்லை மாவட்டம்

பதில்: கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, அம்மா. கமிட்டிக்காரருக்கு முதலில் மருத்துவத்தைச் சொல்லுங்கள். 1982 முதல் கொடுக்கப்படும் கூட்டு மருந்தைச் சாப்பிடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நோய் பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். அக்காவின் விரல் மடங்கியிருப்பது நரம்பு பழுதானதால். அந்தப் பாத்திரத்தால் தொழுநோய் யாருக்கும் ஒட்டாது.

சரி, இனி வேதம். கர்த்தர் குஷ்டரோகியைத் தொட்டதை எல்லாரும் பிரசங்கிக்கிறோம். நான் அடிக்கடி நினைப்பது மாற்கு 14-ம் அதிகாரத்தை. சிலுவைக்கு முந்தைய நாட்களில் இயேசு பெத்தானியாவில் ‘குஷ்டரோகியாயிருந்த சீமோன்’ வீட்டில் பந்தியிருக்கிறார். சீமோன் குணமானவராகத்தான் இருக்க வேண்டும். நோயோடு இருப்பவர் பாளயத்துக்குப் புறம்பே தனியே குடியிருக்க வேண்டும் என்பது லேவியராகமம் 13-ன் சட்டம். அவர் விருந்து வைத்திருக்க முடியாது. நோய் போன பிறகும் ஊர் அந்தப் பேரை விடவில்லை. உங்கள் அக்காவுக்கு நடப்பதும் அதுதானே? அந்த வீட்டில் கர்த்தர் கை நனைத்தார். அதே அதிகாரத்தில், சில வசனம் தள்ளி, அப்பத்தைப் பிட்டுப் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கிறார். அவர் ஏற்படுத்திய பந்தியில் உங்கள் அக்காவைக் கடைசியில் நிறுத்த நமக்கு யார் அதிகாரம் தந்தது?

ஊழியத்தில் இருந்த காலத்தில் ஒரு தொழுநோயாளர் இல்லத்தில் திருவிருந்து நடத்தப் போவேன். விரல் இல்லாதவர்கள் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பாத்திரத்தைப் பிடித்துக் குடிப்பார்கள். மீந்த திராட்சை ரசத்தை முறைப்படி நான் குடிப்பேன். அந்த மேசையில் இருந்த சமாதானத்தைப் பெரிய ஆலயங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் குருவானவரைத் தனியே பாருங்கள். அக்காவுக்கு அப்பத்தை வாயில் வைத்து, பாத்திரத்தை அவரே பிடித்துக் கொடுக்கக் கேளுங்கள். முதல் வரிசையில் அக்கா முழங்கால்படியிடட்டும், பக்கத்தில் நீங்கள். அக்கா குடித்ததும் நீங்கள் குடியுங்கள்.

அப்புறம் விரல்கள். வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி மருத்துவமனையில் காட்டுங்கள். மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் வேலூரில்தான் வளர்த்தெடுத்தார். மூட்டு ரொம்ப இறுகியிருந்தால் முடியுமா என்று அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை அக்கா சூடான டம்ளரைத் துணி சுற்றியே பிடிக்கட்டும். உணர்ச்சி இல்லாத விரல் வெந்தாலும் தெரியாது.