கண்ணாடியில் குண்டு பாய்ந்தால் எங்கே விரிசல் விழும் என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

தெரியாது, கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. வழக்கமான முறையில் பொருளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு இழுபடுகிறது, நசுங்குகிறது என்று பார்ப்பார்கள். மோதலின் அலை கண்ணாடிக்குள் நொடிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஒரு மில்லிமீட்டர் கட்டத்தைத் தாண்ட அதற்கு 0.2 மைக்ரோ நொடிகூட ஆகாது. கணக்கு நேரத்தில் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் அதைவிடக் குறுகியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக்கு முன் கணக்கு சிதறிவிடும்.

சிக்கலே விரிசலில்தான். சமன்பாடுகள் வகைக்கெழுவை, அதாவது ஓர் அளவு இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை, நம்பி நிற்பவை; பிளந்த இடத்தில் வகைக்கெழுவே கிடையாது. சுலப வழி, அளவு மீறி இழுபட்ட கட்டத்தையே அழித்துவிடுவது. ஆனால் பொருளில் ஒரு துண்டு காணாமல் போகும், விரிசலும் கட்டங்களின் வரிசையைப் பிடித்தே போகப் பார்க்கும். எனக்கு இது கொஞ்சம் ஏமாற்று வேலையாகவே படுகிறது.

2000-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் சில்லிங் வேறு வழி சொன்னார்: பெரிடைனமிக்ஸ். ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு கண்ணுக்குத் தெரியாத கயிறுகளால் கட்டியதாக வைத்துக்கொண்டு, வகைக்கெழுவுக்குப் பதில் தொகையீடு போடுவது, அதாவது எல்லாக் கயிறுகளின் இழுப்பையும் கூட்டுவது. எல்லை மீறி நீண்ட கயிறு அறும். அறுந்தவை வரிசையாகச் சேர்ந்தால் அதுதான் விரிசல். அது எங்கே கிளை பிரிய வேண்டும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்குப் போடும் நேரம்தான் எகிறும்: முப்பரிமாணத்தில் ஒரு புள்ளிக்கே நூற்றுக்கு மேல் கயிறுகள் வந்துவிடும்.