ஒரே குரங்கின் குரலையா போட்டீர்கள்?

வணக்கம். ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளுக்கு, சிறுத்தை வருகிறது என்று அவை எழுப்பும் எச்சரிக்கைக் குரலின் பதிவைப் போட்டுக் காட்டினால் முதல் நாள் மரத்துக்கு ஓடின, மூன்றாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒலிபெருக்கி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கருவியை விடுங்கள். நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டது ஒரே குரங்கின் பதிவு என்று நினைக்கிறேன்.

கென்யாவின் அம்போசெலியில் டோரதி செனி, ராபர்ட் செய்ஃபார்த் என்ற ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். வேறு கூட்டம் நெருங்கும்போது வெர்வெட்டுகள் எழுப்பும் குரல் இரண்டு வகை. பக்கத்தில் எந்தக் கூட்டமும் இல்லாதபோது, ஒரே குரங்கின் ஒருவகைக் குரலை அடுத்தடுத்துப் போட்டார்கள். மற்றவை அதைப் பொருட்படுத்துவதை விட்டன. அப்புறம் அதே குரங்கின் இன்னொரு வகைக் குரலைப் போட்டாலும் அலட்சியம்தான். வேறொரு குரங்கின் குரல் வந்ததும் நிமிர்ந்து பார்த்தன. 'இந்த விஷயத்தில் இவன் புளுகன்' என்று ஆளை முத்திரை குத்திவிட்டன, அவ்வளவுதான்!

ஆளை அடையாளம் காண்பதில் அவை கெட்டி. குட்டியின் அலறலைப் போட்டால் தாய் ஒலிபெருக்கியைப் பார்க்கும். மற்ற பெண் குரங்குகள் அந்தத் தாயைப் பார்க்கும்.

அதனால் சில நாள் நிறுத்துங்கள். பிறகு வேறு வேறு வளர்ந்த குரங்குகளின் பதிவுகளை மாற்றிப் போடுங்கள், ஒலிபெருக்கியைப் புதரில் மறைத்து, நீண்ட இடைவெளி விட்டு. குட்டிகளின் பதிவு வேண்டாம்; விழும் இலைக்கும் 'கழுகு' என்று கத்துகிற வயது அது.