மாத்திரையும் மொட்டைமாடியும்: வாசகர் கேள்விகள்

கே: ‘டூம்ஸ்டே கடிகாரம்’ பன்னிரண்டைத் தொட 89 நொடிதான் பாக்கி என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்களே, எதை அளந்து சொல்கிறார்கள்? (திண்டுக்கல் வாசகர்)

ப: எதையும் அளப்பதில்லை. உலகம் அழிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று காட்டும் அடையாளக் கடிகாரம் இது, பன்னிரண்டு என்றால் அழிவு. 1947-ல் ‘புல்லட்டின் ஆஃப் தி அட்டாமிக் சயின்டிஸ்ட்ஸ்’ என்ற அணு விஞ்ஞானிகளின் இதழ் அட்டைக்காக இதை வரைந்த ஓவியர் மார்ட்டில் லாங்ஸ்டார்ஃப், கண்ணுக்கு எடுப்பாக இருந்ததால்தான் முள்ளைப் பன்னிரண்டுக்கு 7 நிமிடம் முன்பாக நிறுத்தினார். இன்று ஒரு நிபுணர் குழு விவாதித்து நகர்த்துகிறது. 1991-ல் 17 நிமிடம் வரை தள்ளிப் போனது. 1962-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போரின் விளிம்புக்குப் போன கியூபா நெருக்கடியில் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, முள் அசையவில்லை! காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லை இது, தலையங்கம்.

கே: அயோடின் மாத்திரை வாங்கி வைத்தால் அணுகுண்டுக் கதிர்வீச்சிலிருந்து தப்பலாமா? மாத்திரை கிடைக்காவிட்டால் அயோடின் உப்பு? (நாகர்கோவில் வாசகி)

ப: அந்த மாத்திரை, அதாவது பொட்டாசியம் அயோடைடு, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி ஒன்றை மட்டுமே காக்கும். கதிரியக்க அயோடின்-131 உடலுக்குள் வருமுன் நல்ல அயோடினால் சுரப்பியை நிரப்பிவிடுகிறது, அவ்வளவுதான். சீசியம்-137 போன்ற மற்றக் கதிரியக்கப் பொருள்களுக்கோ, வெளியிலிருந்து பாயும் காமா கதிருக்கோ அது தடை இல்லை. பெரியவர்களுக்கு 130 மி.கி., 3 முதல் 18 வயது வரை 65, ஒரு மாதம் முதல் 3 வயது வரை 32, பச்சிளங்குழந்தைக்கு 16. கதிரியக்கம் வந்து சேருவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், தவறினால் வந்த 2 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒரு நாள் கழித்துப் போட்டால் நன்மையைவிடத் தீமைதான் அதிகம். அதனால் அதிகாரிகள் சொல்லாமல் விழுங்காதீர்கள்.

உப்புக்கு வருவோம். 130 மி.கி. மாத்திரையில் இருக்கும் அயோடின் சுமார் 100 மி.கி. நம் கடை உப்பில் கிலோவுக்கு 15 மி.கி. என்று வைத்தால் ஆறரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு சீனாவில் மக்கள் உப்புப் பாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள், வீண் செலவு. புண்ணுக்குப் போடும் டிங்க்சர் அயோடினைக் குடிப்பது அதைவிட மோசம், விஷம்.

கே: குண்டு வெடித்தபின் எத்தனை நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும்? எங்களுடையது அடுக்குமாடி. (சென்னை வாசகர்)

ப: ஏழுக்குப் பத்து என்று ஒரு கணக்கு உண்டு: நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு பத்தில் ஒரு பங்காகும். வெடித்த ஒரு மணி நேரத்தில் கதிர்வீச்சு 100 என்றால், 7 மணி நேரத்தில் 10, இரண்டு நாளில் 1, இரண்டு வாரத்தில் 0.1. ஆகவே முதல் 24 மணி நேரம்தான் கண்டம். பிள்ளையைக் கூட்டிவர, காரை எடுக்க என்று அந்த முதல் சில மணி நேரத்தில் வெளியே ஓடுவதுதான் பெரிய தவறு. வெடிப்பில் கிளம்பிய கதிரியக்கத் தூசி மறுபடி விழுந்தால் கணக்கு குலைந்துவிடும். அணு உலை விபத்துக்கும் இது பொருந்தாது. அங்கே நீண்ட நாள் வாழும் தனிமங்கள் அதிகம்.

தூசி மொட்டைமாடியிலும் தரையிலும் படிகிறது. எனவே மேல்தளமும் வேண்டாம், தரைத்தளமும் வேண்டாம். நடுத்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத உள் அறை நல்லது. சுமார் 6 செ.மீ. கான்கிரீட் கதிரைப் பாதியாக்கும். இறுகிய மண் என்றால் 9 செ.மீ. வேண்டும். 24 செ.மீ. கான்கிரீட் என்றால் பதினாறில் ஒரு பங்குதான் உள்ளே வரும். தகரக் கூரை மழைக்குத்தான்.

வெளியே இருந்து வந்தவர் மேலாடையைக் கழற்றிப் பையில் கட்டித் தள்ளி வைத்தாலே பெரும்பகுதி தூசி போய்விடும். பிறகு சோப்புத் தண்ணீர். தோல் உரியத் தேய்க்கக் கூடாது. தலைக்கு ஷாம்பு போடலாம். கண்டிஷனர் கூடாது, தூசியை முடியோடு ஒட்டவைத்துவிடும்.

கே: அமெரிக்கப் பள்ளிகளில் 1950-களில் அணுகுண்டு விழுந்தால் மேசைக்கடியில் ஒளியப் பழக்கினார்களே, கேலிக்கூத்துதானே? (மதுரை வாசகி)

ப: குண்டு விழுந்த இடத்தில் பயன் இல்லை, தூரத்தில் இருப்பவருக்கு உண்டு. வெளிச்சம் உடனே வரும், அதிர்வலை பின்னால் வரும், 5 கி.மீ. கடக்கப் பத்து நொடிக்கு மேலாகும். 2013 பிப்ரவரி 15-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் விண்கல் வெடித்தபோது, பளிச்சிட்ட வெளிச்சத்தைப் பார்த்து மக்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் கண்ணாடி நொறுங்கியது. காயம்பட்ட சுமார் 1,500 பேரில் பெரும்பாலோர் கண்ணாடிச் சில்லு பட்டவர்கள். மேசைக்கடியில் ஒளிவது இந்தச் சில்லுக்குத்தான்.