டெஸ்ட் முடிந்தும் கன்டெய்னர்கள் ஏன் போகவில்லை?

தம்பி, டாக்கரில் (புரோகிராம்களைக் கன்டெய்னர் என்னும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) 'ஆர்எம்' (--rm) ஆப்ஷன் கொடுத்தும் பில்ட் சர்வரில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் கன்டெய்னர்கள் குவிகின்றன, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆப்ஷன், உள்ளே ஓடும் புரோகிராம் நின்ற பிறகுதான் கன்டெய்னரை நீக்கும். டேட்டாபேஸ் சர்வர் தானாக நிற்காது. அதை நிறுத்த வேண்டிய டெஸ்ட் புரோகிராமை, நேரம் கடந்துவிட்டது என்று சிஐ (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பு) கொன்றுவிட்டால், கடைசியில் எழுதிய சுத்தம் செய்யும் நிரல் ஓடவே ஓடாது. தேவையற்றதைத் துடைக்கும் 'ப்ரூன்' கட்டளையும் நின்றுபோனவற்றை மட்டுமே எடுக்கும்.

நம் காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டில் நாலு வீட்டுப் பாத்திரம் கலந்தாலும், வெட்டியிருக்கும் விலாசத்தைப் பார்த்து அந்தந்த வீட்டுக்குப் பிரித்துவிடுவார்கள். கன்டெய்னருக்கு அந்த விலாசம்தான் லேபிள். உருவாக்கும்போதே பில்ட் எண்ணை லேபிளாகப் போடுங்கள். வேலை முடிவில், தோற்றாலும் ஓடும் ஸ்டெப்பில், அந்த லேபிள் உள்ளவற்றை மட்டும் 'எஃப்' (ஓடிக்கொண்டிருந்தாலும் அழிக்க), 'வி' (அதன் பெயரில்லா வால்யூம்களையும் அழிக்க) இரண்டும் சேர்த்து அழியுங்கள். 'வி' விட்டுப்போனால் அந்த வால்யூம்கள், அதாவது கன்டெய்னரின் தரவு சேமிக்கும் இடங்கள், டிஸ்கை நிரப்பும். எல்லாவற்றையும் அழிக்கும் ஸ்கிரிப்ட் மட்டும் தயவுசெய்து வேண்டாம். பக்கத்தில் ஓடும் இன்னொருவர் டெஸ்ட் செத்துவிடும்.

டெஸ்ட்டுக்குள்ளிருந்தே கன்டெய்னர்களை உருவாக்கும் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்தினால் ரியூக் என்ற துணைக் கன்டெய்னர் இதையே செய்கிறது. டெஸ்ட்டோடு ஒரு டிசிபி (நெட்வொர்க்) இணைப்பைப் பிடித்திருக்கும். அது அறுந்தால், வழக்கமான அமைப்பில் 10 விநாடி பார்த்துவிட்டு, அந்த செஷன் (டெஸ்ட் ஓட்டம்) லேபிள் உள்ளவற்றை நீக்கும். உங்கள் சர்வரில் யாராவது ரியூக்கை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.