குருவிட்ட பற்களும் சிங்கத்தின் எல்லையும்

ஐயா,

இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உலகப் படத்தில் சிங்கம் வாழும் இடங்களுக்கு நிறம் தீட்டச் சொன்னேன்: ஆப்பிரிக்கா, குஜராத்தின் கிர் காடு. ஒரு மாணவன், "நம்ம குருவிட்ட பக்கமும் சிங்கம் இருந்துச்சாமே சேர்" என்றான். தேடினால், ஆதாரம் இரண்டே பற்கள்தானாம். அதை வைத்து இலங்கைக்கும் நிறம் தீட்டலாமா?

— ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிறம் வேண்டாம். குருவிட்டவில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும். அந்த மாணவனைப் பாராட்டுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத நல்ல கேள்வியைக் கொண்டுவந்திருக்கிறான்.

1939இல் இலங்கை விலங்கியலாளர் பி. இ. பி. தெரணியகல அந்தப் பற்களைக் கொண்டு இலங்கைச் சிங்கம் என்ற கிளையினத்தை அறிவித்தார். முக்கியமானது கீழ்த்தாடைப் பல் ஒன்று, இறைச்சியைக் கத்தரிக்கும் பல். இன்றைய சிங்கப் பற்களைவிட அது ஒடுங்கி நீண்டிருக்கிறது என்று எழுதினார். அது ஏன் சிங்கத்தின் பல், ஏன் புலியுடையது அல்ல என்பதைத்தான் தெளிவாக விளக்கவில்லை. 2005இல் இலங்கையில் புலி வாழ்ந்ததற்கான எச்சங்களையும் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சுமார் 16,500 ஆண்டுப் பழமை. அதற்குப் பிறகு அந்த விளக்கம் இல்லாதது இன்னும் பெரிய குறையாகத் தெரிகிறது.

வயது அடுத்த சிக்கல். அந்தப் பற்கள் வந்தது இரத்தினக்கல் குழிகளின் சரளையிலிருந்து. அந்தச் சரளை ஆறு அடித்து வந்து சேர்த்தது. வெவ்வேறு காலத்து எலும்புகள் அதில் கலந்து கிடக்கும். குழியில் இறங்குபவர் தேடுவது நீலக்கல்லை. எலும்பு எந்த மண்ணில் கிடந்தது என்று அவர் எதற்குக் குறிக்கப்போகிறார்? பல் கைக்கு வரும், காலம் வராது.

ஆனால் நீங்கள் நிறம் தீட்டிய படத்தையும் அப்படியே நம்பாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்கூட வட இந்தியாவில் பல இடங்களில் சிங்கம் இருந்தது. ஈரானில் 1940கள் வரை இருந்தது. கிர், வேட்டைக்குத் தப்பியவை மிஞ்சிய இடம். இன்றைய எல்லையை மட்டும் பார்த்து, சிங்கத்துக்கு ஏற்ற நிலம் இதுதான் என்று முடிவுகட்டினால் தவறிவிடுவோம்.

ஓர் உயிரினம் ஓரிடத்தில் இருந்தது என்று காட்ட, சரியாக அடையாளம் கண்ட ஒரு பல் போதும். இல்லை என்று காட்டுவது கடினம். அதற்குக் கூட்டாளிகளைப் பார்க்க வேண்டும். ஒரே படிவில் அதே உடல் பருமனுள்ள விலங்குகளின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்து, தேடும் ஒன்று மட்டும் வரவே இல்லையென்றால், அந்த இல்லாமைக்கு மதிப்பு உண்டு. எலும்பே தங்காத மண்ணில் எதுவும் கிடைக்காதது எதையும் சொல்லாது.

சிங்கம் இலங்கைக்கு எந்த வழியாக வந்திருக்கும் என்று மாணவர்கள் கேட்பார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்றது. அத்தகைய காலங்களில் அங்கே தரைதான்.

இரத்தினபுரிச் சரளையில் நீர்யானை, காண்டாமிருக எச்சங்களும் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் புள்ளி வையுங்கள், கேள்விக்குறி இல்லாமல். பிள்ளைகளின் அப்பாமார் யாரும் குழிவேலைக்குப் போனால், எலும்போ பல்லோ அகப்படும்போது ஆழத்தையும் சரளையின் நிறத்தையும் ஒரு தாளில் எழுதி அதோடு வைக்கச் சொல்லுங்கள்.